7–3 முன்னிலையில் இருந்து தோற்ற பையனும் எஸ்டிபிஎம் தேர்வும்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

எஸ்டிபிஎம் தேர்வுக்காகப் படிவம் 6 (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கும் மகன், ஒன்பது ராக் (பந்துகளை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்று) எடுத்தால் வெற்றி என்ற பூல் (மேசையில் கோலால் பந்தடிக்கும் ஆட்டம்) போட்டியில் 7–3 என முன்னால் இருந்து 7–9 எனத் தோற்றுவிட்டான். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை, புத்தகத்தையும் தொடுவதில்லை, கியூவை (பந்தடிக்கும் கோலை) எடுத்து ஒளித்து வைத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. கியூ கூட்டாளியிடம் கிடைத்துவிடும். உங்களிடம் இருக்கிற கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோகும்.

“கவனம் சிதறிட்டான்” என்று முடிவே கட்டிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் 9 பந்து ஆட்டத்தில், ராக்கை வென்றவரே அடுத்ததையும் உடைப்பார் (அடுக்கிய பந்துகளை முதலில் அடித்துச் சிதறடிப்பார்) என்ற விதியில் ஆடினால், எதிராளி உடைத்து, 1-லிருந்து 9 வரை எல்லாப் பந்துகளையும் குழியில் போட்டுவிட்டு, மறுபடியும் அவரே உடைப்பார். பையன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தொடர்ந்து போன அந்த ஆறு ராக்கிலும் அவனுக்கு மேசைப் பக்கம் வர ஓரிரண்டு வாய்ப்புக்கு மேல் கிடைக்காமலே இருந்திருக்கலாம். அதனால் “ஏன் தோத்த?” என்று கேட்காதீர்கள். “அவன் அடிக்கும்போது நீ என்ன செஞ்சிட்டிருந்த?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் அங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

பூலில் மனம் கெடுவது பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான். கைக்கு வேலை இல்லை. ஏற்கெனவே விட்ட பந்தையே மனம் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கும். சிலர் கைப்பேசியைத் தடவுவார்கள், சிலர் கூட்டாளியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். பதினைந்து நிமிடம் கழித்து எழுந்து வரும்போது உடம்பு விறைத்துப் போயிருக்கும். கியூவைப் பிடிக்கும் பிடி தானாகவே இறுகும், அடி முழுசாகப் போகாமல் பாதியில் நிற்கும், கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து நினைத்த இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். உண்மையில் அது பயம்.

அங்கே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியது சின்ன வேலைகள்தான். தண்ணீர் ஒரு வாய் குடிப்பது. மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடுவது. அப்புறம் மேசையைப் பார்ப்பது: இன்றைக்குத் துணி வேகமா மந்தமா, ரப்பர் விளிம்பில் பட்ட பந்து எந்தக் கோணத்தில் திரும்புகிறது? நம் பினாங்கு ஈரக்காற்றில் ஏசி சரியாக இல்லாத இடத்தில் துணி மந்தமாகும், விரலுக்கிடையில் கியூ ஒட்டும். கையுறை போட வேண்டுமா என்பதை உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்யலாம். எதிராளியின் பந்துகள் சொல்லும் செய்தியை வாங்கிக்கொண்டிருக்கிற மனதுக்கு, தன் பழைய தவறைத் தோண்ட நேரம் குறைவு.

மேசைக்கு வந்த பிறகு ஒரே ஒழுங்கு போதும்: யோசிப்பதெல்லாம் நின்றுகொண்டு, அடிப்பது மட்டும் குனிந்துகொண்டு. எந்தப் பாக்கெட், வெள்ளைப் பந்து அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்பது நிற்கும்போதே முடிவாக வேண்டும். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் நிமிர்ந்துவிட வேண்டும். பெரிய போட்டிகளில் ஓர் அடிக்கு 30 வினாடிதான் தருவார்கள். அதற்குள்ளும் ஒருமுறை நிமிர்ந்து குனிய நேரம் இருக்கிறது. பையன்கள் நிமிர மாட்டார்கள், அதை வெட்கம் என்று நினைப்பார்கள்.

இதையெல்லாம் ஓர் அம்மாவுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், தம்பி இதைத் தேர்வுக்கும் கொண்டுபோகலாம், ஆனால் யாராவது எடுத்துக் காட்டினால்தான். மூயெட் (பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு) பேச்சுத் தேர்வில் குழு உரையாடல் இருக்கிறதே, மற்றவர் பேசும்போது காத்திருப்பது அச்சு அசல் அந்த நாற்காலிதான். தான் உளறியதை நினைத்துக்கொண்டே இருந்தால் அடுத்தவர் சொன்னது காதில் விழாது, பதில் சொல்லவும் முடியாது. எஸ்டிபிஎம் தாளில் ஒரு கேள்வி சொதப்பினால் பேனாவை வைத்து, மூச்சு விட்டு, அடுத்த கேள்வியை முழுசாகப் படித்த பிறகே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். “பூலில் நிமிர்வாயே, அதே மாதிரி” என்றால் அவனுக்கு உடனே புரியும். ஆட்டத்தைக் கேவலமாகப் பேசிக்கொண்டே இதைச் சொன்னால் மட்டும் எடுபடாது.

பிழைப்புக்கு வருவோம். 2005-இல் தைவானின் வூ சியா-சிங் 16 வயதில் 9 பந்து உலகப் பட்டம் வென்றார் என்று தம்பி உங்களிடம் வாதாடினால், அது உண்மைதான். ஆனாலும் நம் ஊரில் பூல் பரிசுப் பணத்தை நம்பி வாடகை கட்ட முடியும் என்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொல்ல மாட்டேன். யூபியு (அரசுப் பல்கலைக்கழக விண்ணப்ப முறை) வழி அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடுதான் விளையாட்டு, கழகம் போன்ற இணைப்பாடத்துக்கு. அவன் போட்டிச் சான்றிதழ்கள் அந்தப் பத்தில் சேருமா என்று பள்ளியின் இணைப்பாட ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். விளையாட்டின் மேல் இவ்வளவு பிடிப்பு இருந்தால், தஞ்சோங் மாலிம் உப்சியிலும் (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) மலாயாப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தகுதியை அவனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வீரர்களின் மனநிலையைப் பற்றிய பாடமும் அந்தத் துறையில் உண்டு. தோற்ற வலி தெரிந்த பிள்ளைக்கு அது ஒட்டும்.

இப்போதைக்கு வீட்டில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். பயிற்சி நாட்களை அவனே எழுதித் தரட்டும், தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் போட்டி வேண்டாம். அடுத்த போட்டிக்குப் பணம் கட்டும் முன் மூயெட் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டணத்தைச் சிலர் திருப்பித் தர மாட்டார்கள்.