அடிவரியில் இருக்கிறது ஜாதகம்
ஆங்கிலப் பிரபுக்களின் பழைய அச்சுப்படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (காரைக்குடி வாசகர்): எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்குகிறது. நீள அங்கி அணிந்த பிரபுக்கள் நிறைந்த சபையில் ஒருவர் மயங்கிச் சாய்கிறார். அடியில் காப்ளி, பார்ட்டலோஸி என்று இரண்டு பெயர்கள். யார் இவர்? படம் அசல்தானா?

பதில்: சாய்கிறவர் சாத்தம் பிரபு, அதாவது பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மூத்த வில்லியம் பிட். 1778 ஏப்ரல் 7 அன்று லண்டன் பிரபுக்கள் சபையில் அமெரிக்கக் குடியேற்றங்களைப் பற்றிய விவாதத்தில், ரிச்மண்ட் கோமகனுக்கு மறுமொழி சொல்ல எழுந்தவர் அப்படியே சரிந்தார். படத்தின் பெயர் ‘சாத்தம் பிரபுவின் மரணம்’. ஆனால் அவர் இறந்தது ஒரு மாதம் கழித்து, மே 11-இல், தம் வீட்டில். சாதாரண விவாத நாளில் பிரபுக்கள் சடங்கு அங்கி அணிவதும் வழக்கமில்லை. காட்சிக்குக் கனம் சேர்க்க ஓவியர் காப்ளி உடுத்திவிட்டது அது. முகங்களில் மட்டும் அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரபுக்களைத் தனித்தனியே பார்த்து வரைந்தார். ஓவியம் 1781-இல் கட்டணக் காட்சிக்கு வந்தது. பார்ட்டலோஸி செதுக்கிய அச்சுப்படம் வெளிவர 1791 ஆகிவிட்டது.

அசலா என்று அறிய முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி வாங்குங்கள். நகைக் கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் வகையே போதும். ஒரு முகத்தின் நிழல் பகுதியை உற்றுப் பாருங்கள். செய்தித்தாள் படத்தைப் போல வரிசை பிசகாத புள்ளிக்கட்டம் தெரிந்தால் அது 1880-களுக்குப் பிந்திய புகைப்பட மறுஅச்சு. மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. கையால் செதுக்கிய கோடு நடுவில் பருத்து முனையில் மெலியும். மை தாளுக்குள் ஊறாமல் மேலே சற்று மேடிட்டு நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழச்செய்தால் அந்த மேடு தெரியும்.

அடுத்தது தகட்டுத் தழும்பு. செப்புத் தகட்டை உருளை அழுத்தத்தில் விட்டு எடுக்கும்போது படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளம் விழும். இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஃபோட்டோகிராவியூர் என்ற புகைப்பட முறையிலும் தழும்பு உண்டு. சில மறுஅச்சுகளில் வெறும் தகட்டை வைத்து அழுத்திப் பொய்த் தழும்பே போட்டிருப்பார்கள். தழும்பு இல்லை என்பதாலேயே போலி என்றும் சொல்ல முடியாது. தழும்பை ஒட்டி நறுக்கி ஆல்பத்தில் ஒட்டுவது அக்காலச் சேகரிப்பாளர்களின் பழக்கம். இன்னொன்று: தாளை நனைத்தே அச்சிடுவார்கள், காயும்போது சுருங்கும். அதனால் ஒரே தகட்டின் இரு பிரதிகள் சில மில்லிமீட்டர் வேறுபட்டால் பதற வேண்டாம்.

கேள்வி (மதுரை வாசகி): இத்தகைய படங்களின் அடியில் ‘பின்க்ஸிட்’, ‘ஸ்கல்ப்ஸிட்’ என்று இருக்கிறதே? வெளியீட்டுத் தேதியும் இருக்கிறது. அதுதான் அச்சான தேதியா?

பதில்: இரண்டாவது கேள்வியில்தான் பலரும் பணத்தைத் தொலைக்கிறார்கள். முதலில் சொற்கள். எல்லாம் லத்தீன். இடப்பக்கப் பெயரோடு ‘பின்க்ஸிட்’ இருந்தால் அவர் ஓவியம் தீட்டியவர். ‘டெலினியாவிட்’ என்றால் கோட்டோவியம் வரைந்தவர். வலப்பக்கத்து ‘ஸ்கல்ப்ஸிட்’ தகட்டைச் செதுக்கியவரைக் குறிக்கும். ‘எக்ஸ்குடிட்’ வெளியீட்டாளர். ‘ஃபெசிட்’ என்றால் ‘செய்தார்’ என்று பொதுவாக.

தேதி வந்த கதை வேறு. ஹோகார்த் முதலான ஓவியர்கள் போராடிப் பெற்ற செதுக்குநர் உரிமைச் சட்டம் 1735 ஜூன் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியான நாளும் பொறித்திருந்தால் 14 ஆண்டுக் காப்புரிமை. 1767-இல் அது 28 ஆண்டானது. ஆக, அந்த வரி சொல்வது தகடு முதலில் வெளியான நாளை. உங்கள் கையில் இருக்கும் தாள் என்று அச்சானது என்பதற்கு அது சாட்சி அல்ல.

மூன்றாம் ரிச்சர்ட் வேடத்தில் நடிகர் டேவிட் காரிக் பேய்க்கனவு கண்டு அலறி எழும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹோகார்த்தும் கிரினியனும் சேர்ந்து செதுக்கி 1746-இல் வெளியிட்டது. ஹோகார்த் 1764-இல் மறைந்தபின் அவருடைய தகடுகளை மனைவி ஜேன் அச்சிட்டு விற்றார். 1789-இல் அவரும் காலமாக, தகடுகள் பாய்டெல் என்ற வெளியீட்டாளரிடம் போயின. 1822-இல் ஜேம்ஸ் ஹீத் தேய்ந்த தகடுகளைச் செப்பனிட்டுக் கொடுக்க, வேறொரு நிறுவனம் மொத்தமாக அச்சிட்டது.

உங்கள் பிரதி எந்தத் தலைமுறை என்று தாளைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான நுண்கோடுகளும் தெரிந்தால் அது பழைய கம்பிவரித் தாள். கோடே இல்லாத வழவழப்பான ‘வோவ்’ தாள் இங்கிலாந்தில் புத்தகத்தில் முதலில் வந்தது 1757-இல். 1746 என்று பொறித்த படம் வோவ் தாளில் இருந்தால் அது பிற்கால அச்சு என்பதில் சந்தேகமில்லை. 1794 முதல் வரிச் சலுகைக்காக ஆலைகள் நீர்க்குறியிலேயே ஆண்டைப் பதித்தன. வாட்மன் ஆலையின் பெயரோடு ஆண்டும் தெரிந்தால் அதற்கு முன் அந்தத் தாள் இல்லை. கம்பிவரித் தாளைப் பிற்காலத்திலும் செய்தார்கள் என்பதால் இந்தச் சோதனை ஒருவழிப் பாதைதான்.

கேள்வி (கும்பகோணம், ஓவிய மாணவி): பிரபுக்களின் உருவப்படங்களில் வெல்வெட்டும் பட்டும் தொட்டால் வழுக்கும் போல இருக்கின்றன. மெசோடின்ட் என்கிறார்கள். நானும் செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. பொறுமைதான் முதல் மூலப்பொருள். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான லுட்விக் ஃபான் சீகன். அவருடைய முதல் மெசோடின்ட் 1642-இல். இளவரசர் ரூபர்ட் வழியாக இங்கிலாந்துக்கு வந்து அங்கே வேர்விட்டதால் பிரெஞ்சுக்காரர்களே இதை ‘ஆங்கில முறை’ என்றார்கள். ரெனால்ட்ஸ் தீட்டிய கோமகள்களை மக்ஆர்டெல், வாலன்டைன் கிரீன், ஜான் ரஃபேல் ஸ்மித் போன்றோர் தகட்டில் இறக்கினார்கள். உருவப்படத்துக்கு 14 அங்குலத்துக்கு 10 அங்குலம் வழக்கமான அளவு. கோட்டால் வெல்வெட்டைக் காட்ட நூறு கோடு வேண்டும்; இதிலோ இருட்டுதான் தொடக்கம், வெளிச்சத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

நீங்கள் 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் செப்புத் தகட்டில் தொடங்குங்கள். தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் போதும். ஓரங்களை அரம் போட்டுச் சரிவாக்குங்கள். இல்லாவிட்டால் அழுத்தத்தில் தாளையும் அதன் மேல் விரிக்கும் கம்பளியையும் வெட்டிவிடும். ‘ராக்கர்’ என்ற கருவிக்கு அரைவட்ட அலகு, அதில் அங்குலத்துக்கு 65 அல்லது 85 பற்கள். தொட்டிலாட்டுவது போல இடவலமாக ஆட்டிக்கொண்டே தகடு முழுவதும் நகர்த்துங்கள். ஒவ்வொரு பல்லும் சிறு குழியையும் அதன் விளிம்பில் ஒரு பிசிறையும் எழுப்பும். மை பிடிப்பது இந்தப் பிசிறுதான். நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை, இரு மூலைவிட்டங்களிலும் ஒவ்வொரு முறை, பிறகு இடைப்பட்ட கோணங்களில் என்று இருபது திசைக்குக் குறையாமல் ஆட்ட வேண்டும். கை ஓய்ந்து போய் பத்தோடு நிறுத்துகிறவர்களுக்குத்தான் கறுப்பில் வெள்ளைப் பொட்டுகளும் வரிகளும் வருகின்றன. ஒரு முறை மையிட்டு அச்சிட்டுப் பாருங்கள். கரிய வெல்வெட் போலக் கிடைத்தால் தகடு தயார்.

பிறகு சுரண்டியால் பிசிறைச் செதில் செதிலாக எடுங்கள். நடுச்சாயல் முதலில், நெற்றி மூக்கு வெளிச்சம் கடைசியில். தூய வெள்ளை வேண்டிய இடத்தை மட்டும் மெருகுக் கோலால் எண்ணெய் விட்டுத் தேயுங்கள். ஒரே இடத்தில் ஆழமாகச் சுரண்டினால் பள்ளம் விழுந்து அதன் ஓரத்தில் மை தங்கும். வெள்ளைக்கு நடுவே கறுப்பு வளையம் தெரியும். அதிகம் எடுத்துவிட்ட இடத்தில் மறுபடி ராக்கர் ஓட்டுவது தவிர வேறு வழியில்லை. மையைத் துடைக்கும்போது துணியை அழுத்தாதீர்கள், பிசிறு படுத்துவிடும். பருத்தித் தாளை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒற்றுத்தாளில் மேல் ஈரம் போக்கிவிட்டு அச்சிடுங்கள்.

செப்புத் தகட்டில் முதல் நூறு பிரதிகள் தாண்டினாலே பிசிறு நசுங்கிக் கறுப்பு சாம்பலாகத் தொடங்கும். பழைய படம் வாங்குகிறவர்கள் கூந்தலையும் அங்கியின் மடிப்பையும் பார்ப்பது அதனால்தான். 1820-களில் எஃகுத் தகடு வந்தது. பிரதிகள் பெருகின, அந்தச் செறிவு மட்டும் வரவில்லை.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளாக வரும் பெரிய அச்சுப்படங்கள் அக்கால மேடையைப் பார்த்து வரைந்தவையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காரிக் படம் நடிகரின் படம். பாய்டெல் வெளியிட்டவை, ஓவியர்கள் நாடகத்தைப் படித்துக் கற்பனை செய்தவை. லண்டன் பால்மால் தெருவில் 1789-இல் ஷேக்ஸ்பியர் ஓவியக்கூடம் திறந்து, அங்கிருந்த ஓவியங்களை அச்சாக்கி விற்பது அவர் திட்டம். பிரெஞ்சுப் போர் வந்து ஐரோப்பிய விற்பனை அறுந்தது. அவசரத்துக்குப் புள்ளி முறையான ஸ்டிப்பிளை அதிகம் கலந்ததில் தரமும் இறங்கியது. கடைசியில் மூன்று கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) வீதம் 22,000 லாட்டரிச் சீட்டு விற்று ஓவியக்கூடத்தையே பரிசாக வைத்தார்கள். 1805 ஜனவரியில் குலுக்கியபோது பாய்டெல் உயிரோடு இல்லை. பரிசை வென்ற டாஸி எல்லாவற்றையும் ஏலம் விட்டார். பல ஓவியங்கள் பிற்பாடு தொலைந்தும் துண்டாடப்பட்டும் போக, அவற்றுக்கு இன்று அச்சுப்படமே சாட்சி.

இவற்றில் தேடிப் பார்க்க வேண்டியது ‘கார்டினல் போஃபோர்ட்டின் மரணம்’. அரச ரத்தம் ஓடிய மதகுரு படுக்கையில் பல்லை இளித்துச் சாகிறார். ஓவியர் ரெனால்ட்ஸ் தலையணைக்குப் பின்னால் ஒரு பேயையும் வரைந்துவிட்டார். நாடகத்தில் மன்னர் வாயில் வரும் உவமையைக் கண்ணுக்குத் தெரியும் உருவமாக்கலாமா என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். கரோலைன் வாட்சன் செதுக்கிய தகட்டில் முதலில் பேய் உண்டு. பிறகு அதைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். இப்படித் தகடு மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். பேயுள்ளது முந்தைய நிலை. பேய் இருப்பதே நல்லது என்பது எங்கள் கட்சி.

கேள்வி (வேலூர் வாசகர்): திப்புவின் மகன்களைக் கார்ன்வாலிஸ் பிரபு பிணையாக ஏற்கும் படம் பல வடிவங்களில் இருக்கிறது. நேரில் பார்த்து வரைந்தது எது?

பதில்: ராபர்ட் ஹோம் வரைந்தது. 1791-இல் சென்னைக்கு வந்து படையோடு சென்றவர் அவர். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே பிள்ளைகளை ஒப்படைத்தபோது முகாமில் இருந்தவர். லண்டனில் அதிகம் விற்ற படங்களை வரைந்த மேதர் பிரவுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் வரைந்த தலைப்பாகைகளையும் யானைகளையும் வைத்து வரலாறு எழுதக் கூடாது. ஆங்கிலேயர் தங்களை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கோ அவற்றைவிட நல்ல சான்று கிடையாது: கை நீட்டும் தந்தையாகப் பிரபு, விரல் பிடிக்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் 1794 வரை சென்னையில் பிணையாக இருந்தார்கள்.

கேள்வி (கோவை வாசகி): வண்ணம் தீட்டிய பிரபு படம் ஒன்று விலைக்கு வந்தது. வண்ணம் பழையதா?

பதில்: பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடுகளே வண்ண மையில் இருந்தால் தகட்டிலேயே வண்ணம் பூசி அச்சிட்டது. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி அவையினரைப் பார்ட்டலோஸி அப்படி அச்சிட்டார். கறுப்புக் கோட்டின் மேல் நீர்வண்ணம் படர்ந்திருந்தால் கையால் தீட்டியது. அதில் பழையது எது, போன வருடத்தது எது என்று பார்க்கப் பழுப்புப் புள்ளிகளைக் கவனியுங்கள். புள்ளியின் மேல் வண்ணம் ஏறி மறைத்திருந்தால் புதிது. படம் எட்மண்ட் லாட்ஜ் தொகுத்த பிரபுக்கள் உருவப்பட வரிசையிலிருந்து பிரித்த ஏடு என்றால் அந்த நூல் 1814-க்குப் பிறகு பல பதிப்புகள் கண்டது; அரிது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): கடற்கரைக்கு அருகில் வீடு. தாத்தா காலத்து ஆறு படங்களில் பழுப்புப் புள்ளி, ஓரத்தில் ராமபாணப் பூச்சி அரித்த தடம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வெளிச்சுவரிலிருந்து இறக்குங்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர் உறிஞ்சும் ஈரம் நேரே சட்டத்துக்குள் போகும். பின்புறத்தில் ஒட்டுப்பலகையோ பழுப்பு அட்டையோ இருந்தால் அதன் அமிலம்தான் தாளை ஓரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறது, கழற்றிவிடுங்கள். தாள் அட்டையோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தாள் பராமரிப்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள். செலோடேப் மேலும் கை வைக்க வேண்டாம்.

பூச்சிக்கு: சட்டத்திலிருந்து எடுத்த படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி எட்டும் ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் தாள்மேல் நீர் வியர்க்கும்.

பழுப்புப் புள்ளி, தாளில் கலந்த இரும்புத் துகளாலும் பூஞ்சையாலும் வருவது. சலவைத்தூள் கரைசலில் முக்கி வெளுக்கிறவர்கள் உண்டு. பளிச்சென்று வரும், மிச்சமிருக்கும் குளோரின் சில ஆண்டுகளில் தாளை அப்பளமாக்கிவிடும். கைவண்ணம் ஏறிய படத்தில் தண்ணீரே படக் கூடாது. புள்ளி பரவாமல் இருந்தால் அப்படியே விடுவது உத்தமம். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சை அடங்கிக் கிடக்கும்.

மறுபடி சட்டமிடும்போது அமிலமற்ற பருத்தி அட்டையில் சன்னல் வெட்டுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. படத்தை அட்டையில் முழுவதும் ஒட்டாமல், மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாளில் இரண்டு கீல். பசை, கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் அரை மணி கிளறி, ஆறியதும் வடிகட்டுங்கள். மைதாவில் உள்ள பசையம் பூச்சிக்கு விருந்து. பைண்டிங் கடைப் பழக்கமாக மயில்துத்தம் சேர்க்கவே வேண்டாம். பூச்சி சாகும், செம்பு தாளையும் தின்னும். சட்டத்தின் பின் மூலைகளில் நான்கு தக்கைத் துண்டுகள் ஒட்டி உள்சுவரில், வெயில் படாத பக்கம் மாட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒவ்வொரு ஜனவரியிலும் இறக்கிப் பின்புறத்தைப் பார்த்துவிடுங்கள்.