2029 ஜனாதிபதித் தேர்தல்: ஒரு சிறிய கட்சி எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் கட்சிக்கு இலங்கையின் வடக்கில் சில உள்ளூராட்சி உறுப்பினர்கள் இருக்கிறார்கள், நாடாளுமன்றத்தில் யாரும் இல்லை. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் சொந்த வேட்பாளரை நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறார்கள் இளைஞர் அணியினர். பெரிய கட்சி ஒன்றுக்கு ஆதரவு கொடுத்தால் போதும் என்கிறார்கள் மூத்தவர்கள். எந்த முடிவானாலும் இப்போதிருந்தே என்ன செய்து வைக்க வேண்டும்? (ஒரு கிளை அமைப்பாளர்)

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பர் 23 அன்று பதவியேற்றார். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்கு ஒரு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடையில் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். எனவே 2029 ஜூலைப் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிக்குள் ஒரு நாள். முதல் தவணையில் நான்கு ஆண்டுகள் கழிந்தபின் ஜனாதிபதி விரும்பினால் முன்கூட்டியும் அழைக்கலாம். ஆகவே 2028 செப்டெம்பருக்குள் தயாராக இருப்பது நல்லது. (நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியையே ஒழிப்போம் என்பது ஆளுங்கட்சியின் வாக்குறுதி. அது நடக்கும்வரை இந்தக் கணக்குதான்.)

அறிவிப்பு வந்த பிறகு மூச்சுவிட நேரம் இராது. 2024இல் ஜூலை 26 அறிவிப்பு, ஆகஸ்ட் 15 வேட்புமனு, செப்டெம்பர் 21 வாக்கெடுப்பு. மொத்தம் எட்டே வாரம்.

இளைஞர் அணியின் ஆசைக்கு ஒரு சட்டக் கேள்வி குறுக்கே நிற்கிறது: உங்கள் கட்சி தேர்தல்கள் ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா? அங்கீகரிக்கப்பட்ட கட்சி, தகுதியுள்ள எந்தக் குடிமகனையும் நிறுத்தலாம். அங்கீகாரம் இல்லையென்றால், நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் அல்லது முன்பு இருந்த ஒருவரைத்தான் நிறுத்த முடியும். 2024இல் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் சுயேச்சையாகப் போட்டியிட முடிந்தது, அவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால்தான். உள்ளூராட்சி உறுப்பினர் பதவி இதற்கு உதவாது. கட்டுப்பணம் (வேட்பாளர் கட்டும் வைப்புப் பணம்) ஒரு தடையே இல்லை: 2024இல் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000. அதனால்தான் 39 பேர் மனு கொடுத்தார்கள்.

அங்கீகாரம் இருக்கிறது என்றால் உங்கள் செயலாளர் யார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. வேட்புமனு அவர் வழியாகத்தான் போகும். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பதவிச் சண்டை 2024இல் நீதிமன்றம் வரை போனதை எல்லோரும் பார்த்தோம். யாப்பு, பதவி தெரிவுக் கூட்டத்தின் குறிப்பு, கணக்கறிக்கை மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நிறுத்தலாம் என்றே வைத்துக்கொள்வோம். எதற்காக? வெல்லப் போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் சொல்லப்படும் பதில், இரண்டாம் விருப்பு வாக்கை (வாக்காளர் சீட்டில் 2 என்று எழுதும் வேட்பாளருக்கான வாக்கை) வைத்துப் பெரிய கட்சிகளுடன் பேரம் பேசலாம் என்பது. காகிதத்தில் இது நல்ல யோசனை. யாரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரேயடியாக வெளியேறுவார்கள், அவர்களுடைய வாக்குச்சீட்டுகளில் அடுத்த விருப்பு யாருக்கென்று பார்ப்பார்கள். நம் நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக 2024இல் இது நடந்தது.

நடந்தது என்ன என்று கொஞ்சம் கணக்குப் போடுங்கள். செல்லுபடியான வாக்குகள் 13,319,616. முதல் இரு இடங்களைப் பிடித்த அநுரவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் போனவற்றைக் கழித்தால் வெளியேறியவர்களின் வாக்குகள் சுமார் 33 இலட்சம். அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினாலும் வெளியேறிய வாக்குகளில் நூற்றுக்கு எட்டுத்தான். மீதிச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்த இருவருக்கும் எந்த விருப்பும் இல்லை. முதல் சுற்றில் அநுரவின் முன்னிலையோ 12 இலட்சத்துக்கும் மேல்.

அதாவது, இரண்டாம் விருப்பை வாக்காளருக்குக் கற்றுக்கொடுக்காத கட்சியின் கையில் பேரம் பேச ஒன்றுமில்லை. பெரிய கட்சிக்காரர் மேசையில் உட்கார்ந்தவுடன் கேட்கப்போவது இதைத்தான்: உங்கள் ஆட்கள் உண்மையில் 2 என்று எழுதுவார்களா? எனவே வேலை இங்கிருந்து தொடங்கட்டும். புள்ளடி (X) மட்டும் போட்டாலும் வாக்குச் செல்லும், ஆனால் அது முதல் விருப்பு மட்டுமே. 1, 2, 3 என்று எழுதினால்தான் மற்ற விருப்புகள் இருக்கும். 1 இல்லாமல் 2 மட்டும் எழுதினால் சீட்டு நிராகரிக்கப்படும். புள்ளடியையும் எண்ணையும் கலக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மாதிரிச் சீட்டோடு வீடு வீடாகப் போவதுதான் வழி, முகநூல் பதிவு போதாது. எங்கள் ஆட்களுக்குப் பல ஆண்டுகளாகப் புள்ளடி போட்டே கைப்பழக்கம்.

மூத்தவர்களின் வழியைத் தேர்ந்தெடுத்தால், முடிவைச் சொல்லும் நாள் முக்கியம். 2024இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்தது செப்டெம்பர் 1ஆம் திகதி. தபால் மூல வாக்களிப்பு 4ஆம் திகதி தொடங்கிவிட்டது. ஆசிரியர், அரச ஊழியர் வாக்கு நிறைய உள்ள வடக்கில் மூன்று நாள் என்பது கிளைகளுக்குச் செய்தி போய்ச் சேரவே காணாது. வேட்புமனு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முடிவு என்று மத்திய குழுவில் இப்போதே தீர்மானம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பணம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு வைத்தார்கள், மொத்தம் ஏறக்குறைய 187 கோடி ரூபா. நீங்கள் அந்த எல்லைக்குக் கிட்டவும் போகமாட்டீர்கள். உங்களுக்கு ஆபத்து வரவுப் பக்கத்தில்: வெளிநாட்டு அரசு, வெளிநாட்டில் பதிவான நிறுவனம், யாரென்று தெரியாதவர் ஆகியோரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. புலம்பெயர் நண்பர்கள் சங்கத்தின் பெயரில் அனுப்புவதாகச் சொன்னால், வாங்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

போட்டியிட்டால் செலவு விபரத் திரட்டை முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தோற்ற கட்சியில் அந்த மூன்று வாரமும் யாரும் தொலைபேசியே எடுக்கமாட்டார்கள். ஆகவே பற்றுச்சீட்டுகளைச் சேர்க்கும் பொருளாளரை வேட்பாளருக்கு முன்பே தெரிவு செய்துவிடுங்கள்.