டிஸ்க் இருக்கு, ஆனா இன்ஸ்டாலர்ல வரல

கேள்வி: சார், செகண்ட் ஹேண்ட்ல டெல் ஆர்710 சர்வர் ஒண்ணு வாங்கி ராக்கி லினக்ஸ் 8 போடப் பாக்குறேன். ஆன் பண்ணும்போது பெர்க் 6/ஐ ரெய்ட் கார்டு (டிஸ்க்குகளை ஒண்ணா சேத்து ஒரே வால்யூமா காட்டுற கார்டு) வால்யூமைக் காட்டுது, ஆனா இன்ஸ்டாலர்ல ஒரு டிஸ்க் கூட வரல. வித்த கடைல கேட்டா கார்டு போச்சு, புதுசு வாங்குங்கறாங்க. வாங்கணுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: காசைக் கொடுத்துடாதீங்க. வால்யூம் தெரியுதுன்னா கார்டு உயிரோடதான் இருக்கு, டிரைவர் (கார்டை லினக்ஸோட பேச வைக்கிற புரோகிராம்) பக்கம்தான் சந்தேகப்படணும். இன்ஸ்டாலர் ஓடும்போதே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்துனா ஷெல் (கமாண்ட் அடிக்கிற திரை) வரும், அதுல எல்எஸ்பிசிஐ அடிச்சு மைனஸ் போட்டு என், என், கே-ன்னு மூணு எழுத்தும் சேத்துப் போடுங்க. இந்த கமாண்ட் பிசிஐ பஸ்ல (கார்டுகளை போர்டோட இணைக்கிற வழி) என்ன மாட்டியிருக்குன்னு காட்டும், அதுக்கு டிரைவர் லோட் ஆகியிருக்கணும்னு அவசியமே இல்ல, அதனாலதான் நான் எப்பவும் முதல்ல இதைப் பாக்கச் சொல்றது. உங்க கார்டு வரில 1000:0060-ன்னு இருக்கும், முன்னாடி உள்ளது கம்பெனி நம்பர் (எல்எஸ்ஐ), பின்னாடி உள்ளது சிப் நம்பர். அதுக்குக் கீழ 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்'னு (கெர்னல்னா லினக்ஸோட மையப் பகுதி) ஒரு வரி வரணும், உங்களுக்கு வராது.

ஏன்னா ரெட் ஹாட் லினக்ஸ் 8-ல இந்த கார்டுக்கான மெகாரெய்ட் சாஸ் டிரைவரை வச்சுக்கிட்டு பழைய சிப்களோட நம்பரை மட்டும் எடுத்துட்டாங்க, அதுல இந்த 0060-ம் ஒண்ணு, ராக்கியும் அதையே பார்த்து பில்ட் பண்றதால இங்கயும் அதே கதைதான். டிரைவர் விவரம் காட்டுற மாட்இன்ஃபோ கமாண்டைப் போட்டு அந்த டிரைவரோட ஏலியாஸ் வரிகளைப் பாருங்க, எந்தெந்த நம்பரை ஏத்துக்கும்னு வரிசையா இருக்கும், உங்க நம்பர் அதுல இருக்காது. டிரைவரை லோட் பண்ற மாட்ப்ரோப் கமாண்டை அடிச்சா டிரைவர் எர்ரர் இல்லாம ஏறிடும், ஆனா கார்டைத் தொடாது, நிறைய பேர் குழம்புறது இங்கதான்!

இஎல்ரெப்போங்கற சைட்ல (ரெட் ஹாட் வகை லினக்ஸுக்குக் கூடுதல் டிரைவர் தர்றவங்க) இதுக்கு டிரைவர் அப்டேட் டிஸ்க், அதாவது இன்ஸ்டால் பண்ணும்போதே டிரைவரைச் சேக்கற ஐஎஸ்ஓ ஃபைல், இருக்கு. உங்க ராக்கி 8.6-ன்னா 8.6-க்கு உள்ளதையே எடுங்க, இதுல அசால்ட்டா இருக்காதீங்க. பென்டிரைவுக்கு ஓஇஎம்டிஆர்வின்னு ஆறு இங்கிலீஷ் பெரிய எழுத்துல லேபிள் வச்சு, அந்த ஃபைலை அப்படியே போடாம உள்ள இருக்கறதைப் பிரிச்சுப் போட்டுட்டா இன்ஸ்டாலர் தானா எடுத்துக்கும். பின்னாடி அப்டேட் பண்ணும்போதும் புது கெர்னலுக்கு ஏத்த டிரைவர் பேக்கேஜ் வந்துருச்சான்னு பாத்துட்டு ரீபூட் பண்ணுங்க, இல்லன்னா சர்வர் டிஸ்க்கைத் தேடிக்கிட்டே நிக்கும்.

கேள்வி: அதே மாடல் சர்வர்தான், டெபியன் 11 போட்டேன், நெட்வொர்க் வரல?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கெர்னல் மெசேஜ்களைக் காட்டுற டிமெஸ்ஜி கமாண்டோட அவுட்புட்ல ஃபர்ம்வேர்னு (சிப்புக்குள்ள ஓடற புரோகிராம்) தேடுங்க. உங்க சர்வர்ல இருக்கற நெட்வொர்க் சிப் பிராட்காம் 5709, டிரைவர் பிஎன்எக்ஸ்2. டிரைவர் கெர்னல்லயே இருக்கு, ஆனா ஃபர்ம்வேர் ஃபைல் நான்-ஃப்ரீ பக்கம் (ஓப்பன் சோர்ஸ் இல்லாததை டெபியன் வைக்கிற இடம்) தனியா இருக்கறதால 11-ல நீங்கதான் போடணும். ஃபர்ம்வேர்-பிஎன்எக்ஸ்2 பேக்கேஜை வேற மெஷின்ல டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல கொண்டு வாங்க. புதுசா போடறதா இருந்தா 12 போடுங்க, அந்த ஃபர்ம்வேர் இன்ஸ்டாலர்லயே வருது.