4.30-க்கு எழுந்தால் தீருமா காலை நேர அல்லாட்டம்?

"ஈரோட்டில் தனியார் வங்கி ஒன்றில் வேலை செய்கிறேன். வயது 36. மகன் மூன்றாம் வகுப்பு, மகள் யு.கே.ஜி. கணவருக்குச் சொந்தத் தொழில். மாமியார் எங்களோடு இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. காலை 5 மணிக்கு எழுந்தும், 8.10-க்கு வேன் ஹாரன் அடிக்கும்போது பிள்ளைகளைக் கத்தித்தான் அனுப்புகிறேன். படுக்க இரவு 11 ஆகிறது. எனக்கென்று அரை மணி நேரம் கிடையாது. 4.30-க்கே எழுந்து பார்க்கலாமா?" - வாசகி ஒருவர்.

வேண்டாம். இப்போதே நீங்கள் தூங்குவது 6 மணி நேரம்தான். அதிலும் அரை மணியை வெட்டினால், மிச்சமாகும் நேரத்தைவிட எரிச்சல்தான் கூடும். அலாரத்தை 5.15-க்குத் தள்ளிவையுங்கள், படுக்கையை 10.15-க்குக் கொண்டுவாருங்கள். 7 மணி நேரம் ஆகிவிடும். கூடுதலாகத் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். ஆப் எதுவும் தேவையில்லை, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். அதில் மூன்றே விஷயம்: மணி, வேலை, அதை யார் ஞாபகப்படுத்தினார்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எழுதிப் பார்த்தால், காலை நேரத்தைத் தின்பது சமையலைவிடத் தேடலும் யோசனையும்தான் என்பது பெரும்பாலும் தெரியவரும். பெல்ட் எங்கே, டைரியில் கையெழுத்து போட்டாயிற்றா, இன்று புதன்கிழமையா வெள்ளைச் சீருடையா, சட்னிக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமா... இதில் ஒன்றைக்கூடக் காலையில் முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லாம் முந்தைய இரவு 8.30 மணிக்கு, 20 நிமிடத்தில் முடியக்கூடியவை.

அடுக்களையில் ஆரம்பிப்போம். 1 கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். 4 மணி நேரம் ஊறவைத்து ஆட்டினால் சுமார் 60 இட்லிக்கு மாவு வரும், உங்கள் வீட்டுக்கு நான்கு காலைக்குப் போதும். பலருக்கும் மூன்றாம் நாளே மாவு புளித்துவிடுவதற்குக் காரணம், மொத்த மாவையும் ஒரே தூக்கில் வைத்துத் தினமும் வெளியே எடுத்து எடுத்து வைப்பது. சனிக்கிழமை ஆட்டியதும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வையுங்கள். மறுபாதியை உப்புப் போடாமல், புளிக்க விடாமல், நேராக ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். செவ்வாய் மாலை அதை எடுத்து உப்புக் கரைத்து வைத்தால் புதன் காலை பொங்கியிருக்கும். சில்லென்று இருப்பதால் புளிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். மார்கழி, தை மாதங்களில் மதியமே வெளியே எடுத்துவைக்கச் சொல்லி மாமியாரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

தேங்காய் இரண்டை ஞாயிறன்று துருவி, ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் அளவில் சின்ன டப்பாக்களில் ஃப்ரீஸரில் வையுங்கள். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். உறைந்த தேங்காயைப் பச்சைத் தண்ணீர் ஊற்றி அடித்தால் கொழுப்பு தனியே திரண்டு, சட்னியில் வெண்ணெய்த் துணுக்கு போல மிதக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் பிரச்சினை வராது.

பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸை இரவே நறுக்கி மூடி வைக்கலாம். கத்தரி, உருளை, வாழைக்காய் கறுத்துவிடும், அவற்றைக் காலைக்கு விடுங்கள். நாள்தோறும் என்ன பொரியல் என்று யோசிப்பதைவிடத் திங்கள் பீன்ஸ், செவ்வாய் கோஸ் என்று கிழமைக்கு ஒன்றாகக் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள்தான், சலித்துக்கொள்ளட்டும். இரவு மீந்த சோற்றில் மறுநாள் டப்பாவுக்கு எலுமிச்சை சாதம் கிளறும் வழக்கமிருந்தால், வடித்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்த சோறாக இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும், அதில் கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

இதெல்லாம் செய்தால் அரை மணி நேரம் மிச்சமாகலாம். ஆனால் உங்கள் தலைபாரம் இறங்காது. பீன்ஸ் நறுக்குவது வேலை என்றால், பீன்ஸ் தீர்ந்துபோனதை ஞாபகம் வைத்திருப்பதும் வேலைதான், அது யார் கண்ணிலும் படுவதில்லை. 2024-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். ஞாபகம் வைத்திருக்கும் வேலைக்கு அதில் தனிக் கணக்கு இல்லை.

ஆகவே கணவரிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் கைகொடுப்பார், ஆனால் மேஸ்திரி வேலை உங்களிடமே நிற்கும். ஒரு துறையை முழுசாக ஒப்படையுங்கள். பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். சீருடை இஸ்திரி, ஷூ, பெல்ட், ஐ.டி. கார்டு, தண்ணீர் பாட்டில், டைரி கையெழுத்து, வேன் கட்டணம், வகுப்பு வாட்ஸ்அப் குழு எல்லாமே அவருடையது. "ஸ்கூல் விஷயம் இனி உங்க பொறுப்புங்க. என்ன வேணும்னு நீங்களே பாத்து முடிச்சிருங்க, நான் ஞாபகப்படுத்த மாட்டேன்" என்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த நேரத்தில் சொல்லுங்கள். காலை 7.50-க்கு அடுப்படியிலிருந்து சொன்னால் அது சண்டையாகத்தான் போய் முடியும். சொன்ன கையோடு அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்கள் வெளியேறிவிட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பத்தாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் சறுக்கும். கலர் டிரஸ் நாளில் மகன் சீருடையில் போவான். நீங்கள் புகுந்து சரிசெய்தால் பொறுப்பு உங்களிடமே திரும்பிவிடும். எது கட்டாயம் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: கட்டணத் தேதி, மருந்து, பரீட்சை. மற்றவை முன்னே பின்னே ஆனால் ஆகட்டும்.

மாமியாருக்கு நிற்கிற வேலை ஆகாது. சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, பேத்திக்குச் சீப்பும் ரிப்பனும் என்று உட்கார்ந்து செய்வதாகக் கொடுங்கள். "அத்தை, இது நீங்க பாத்துக்கிட்டா எனக்கு நிம்மதி" என்று சொல்லிக் கொடுத்தால், தன்னால் எதுவும் முடியவில்லையே என்ற அவருடைய குறையும் கொஞ்சம் தணியும். மூன்றாம் வகுப்புப் பையனால் டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்க முடியும். காலியான டிபன் டப்பாவைத் தொட்டியில் போட யு.கே.ஜி.க்காரியே போதும்.

கத்துவது பற்றி. அடுக்களையிலிருந்து "ஷூ போடு, பல்லு தேய், பால் குடி" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அருகில் போய், தோளைத் தொட்டு, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். 7.55-க்கு எல்லாரும் வாசலில் என்று வையுங்கள், வேனுக்காக 15 நிமிடம் காத்திருப்பதில் தவறில்லை. காலையில் டி.வி. வேண்டவே வேண்டாம். கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால், 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இப்படி ஐந்து முறை, ஒரு நிமிடம்கூட ஆகாது. மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு நிதானப்படும். சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் இதைச் செய்துவிட்டு உள்ளே போங்கள்.

உங்களுக்கான அரை மணி நேரத்தை வீட்டுக்குள் தேடினால் கிடைக்காது, "அம்மா" என்று ஒரு குரல் வரும். வாரம் இரண்டு மாலை, உதாரணத்துக்கு செவ்வாயும் வெள்ளியும், 6.45 முதல் 7.30 வரை வெளியே போய்விடுங்கள். நடக்கலாம், நூலகத்தில் உட்காரலாம், கோயிலுக்குப் போகலாம். அந்த நேரத்தில் காய்கறி வாங்கி வருவது கணக்கில் சேராது.

இவ்வளவு மாற்றி ஒரு மாதம் ஆன பிறகும் படியேற மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, மாதவிடாயில் அதிகம் போகிறது என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச். அளவும் பார்த்துவிடுங்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை, அதை எந்த அட்டவணையும் சரிசெய்யாது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால் டீ, காபியோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம்தான், நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.