கடல்மீன் குஞ்சுக்கு இரை கொடுப்பதும் ஒரு படிப்புதான்

மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டு முறை இடம் கிடைக்காத மகளை மூன்றாம் முறையும் எழுத வைப்பதா, கடன் வாங்கியாவது தனியார் கல்லூரியில் சேர்ப்பதா என்று ஒரு பெற்றோர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மருத்துவராக இருக்கும் பெரியப்பா, இன்னும் ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்கிறாராம். மகளோ மீன்தொட்டியே கதி என்று கிடக்கிறாள். பொரித்த குஞ்சுகள் ஏன் சில நாட்களிலேயே செத்துவிடுகின்றன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். படிப்பிலிருந்து அவள் மனம் விலகுவதன் அடையாளம் அது என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதம் முழுவதிலும் மருத்துவம் படிக்க மகள் விரும்புவதாக ஒரு வரிகூட இல்லை; பெரியப்பாவின் விருப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அவளே விரும்பிக் கேட்டிருந்தால் மூன்றாம் முயற்சியைப் பற்றிப் பேசலாம். கேட்காதபோது அதில் பேச ஒன்றுமில்லை. வீட்டை அடமானம் வைத்து வாங்கும் இடத்தைப் பற்றி இன்னும் கறாராகச் சொல்கிறேன்: வேண்டாம். கடனின் மாதத் தவணையைப் பட்டம் பெற்றவுடன் கிடைக்கும் முதல் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள், நீண்டகால அனுபவமுள்ள பெரியப்பாவின் வருமானத்தோடு ஒப்பிடாதீர்கள். அந்தத் துறையில் மேற்படிப்பும் தேவைப்படும் என்பதால், முதல் கடன் அடைபடும் முன்பே இரண்டாவது கடன் வந்து நிற்கும். தவணை கட்டும் நாளில் பெரியப்பா உடன் வரமாட்டார்.

துணை மருத்துவப் படிப்புகளையும் பொறியியலையும் கணினியையும் இதற்குள் பலரும் சொல்லியிருப்பார்கள். அவற்றை நான் விட்டுவிடுகிறேன். நீங்கள் அஞ்சும் அந்த நோட்டுப் புத்தகத்தில் உள்ள கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கடல்மீன் குஞ்சு பொரிப்பகங்களில் இளங்குஞ்சுகளின் இரையையும் ஊட்டச்சத்தையும் கவனிக்கும் பிரிவு அவர்களுடையது.

அதற்குத் தனியாக ஒரு படிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். சால்மன் மீனின் குஞ்சு பெரிதாகப் பொரிக்கிறது. வாரக்கணக்கில் மஞ்சள்கருவைக் கொண்டே வாழ்ந்துவிட்டு, பிறகு நேரடியாகத் தூள் தீவனத்துக்கு வந்துவிடுகிறது. கொடுவா, களவா போன்றவை லட்சக்கணக்கில் முட்டையிட்டாலும், பொரிக்கும் குஞ்சு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணில் நிறமியும் இல்லாமல், வாயும் திறக்காமல் அது வெளியே வருகிறது. மஞ்சள்கரு இரண்டு மூன்று நாட்களில் தீர்ந்துவிடும். வாய் திறந்து, பார்வை வந்து, இரையைத் துரத்திப் பிடிக்கக் கற்பது எல்லாம் அந்த அவகாசத்துக்குள் நடந்தாக வேண்டும். அப்போதும் அதற்குச் செயல்படும் இரைப்பை கிடையாது. அமிலத்தால் புரதத்தைச் செரிக்கும் ஆற்றல் சில வாரங்கள் கழித்தே வருகிறது. ஆகவே உயிருள்ள, அசையும், அதன் வாய்க்குள் நுழையும் அளவுள்ள இரை வேண்டும்.

ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்விலங்கு இந்த இடத்தில்தான் வருகிறது. ஜப்பானின் விலாங்கு வளர்ப்புக் குளங்களில் தொல்லையாகக் கருதப்பட்ட இது, 1960களில் கடல்மீன் குஞ்சின் முதல் இரையாக மாறியது. இன்றைய கடல்மீன் பொரிப்பகத் தொழிலே அதன்மேல் எழுந்ததுதான். பெரிய வகை ரோட்டிஃபர் 300 மைக்ரானையும், அதாவது 0.3 மில்லிமீட்டரையும், தாண்டும். களவாக் குஞ்சின் சிறிய வாய்க்கு அது ஆகாது என்பதால் அதனினும் மிகச் சிறிய வகையைத் தனியாக வளர்க்கிறார்கள். குஞ்சு சற்று வளர்ந்த பிறகு, ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறால்வகையின், அரை மில்லிமீட்டர் அளவுள்ள இளவுயிரிகளைக் கொடுக்கிறார்கள். உப்பேரிகளில் கிடைக்கும் அதன் உலர்ந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். உப்புநீரில் இட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும்.

வயிறு நிறைந்தும் குஞ்சு சாகலாம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கடல்மீன்களின் மூளைக்கும் விழித்திரைக்கும் டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் தேவை. அதைப் போதிய அளவில் அவற்றால் தாமே உருவாக்கிக்கொள்ள முடியாது. ஈஸ்ட்டில் வளர்ந்த ரோட்டிஃபரிலும் பொரித்த நிலையிலுள்ள ஆர்ட்டீமியாவிலும் அது அநேகமாக இருக்காது. எனவே, கொழுப்புக் கலவையையோ தகுந்த நுண்பாசியையோ முதலில் இரைக்கு ஊட்டி, அந்த இரையைக் குஞ்சுக்குக் கொடுக்கிறார்கள். செறிவூட்டல் என்பது இதுதான். ஆர்ட்டீமியாவுக்குப் பொரித்தவுடன் வாய் திறந்திராது என்பதால், அடுத்த நிலைக்கு வந்த பிறகே அதைச் செறிவூட்ட முடியும். அப்படி ஏற்றிய டி.எச்.ஏ.வையும் அது தன் உடலிலேயே வேறொன்றாக மாற்றிக் குறைத்துவிடும். குஞ்சுக்குப் போகும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். இரையைச் சரியாகக் கழுவாமல் தொட்டியில் விட்டால் அந்த எண்ணெய் நீர்மேல் படலமாகப் படரும். குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கித்தான் தன் காற்றுப்பையை நிரப்பியாக வேண்டும். படலம் அதைத் தடுத்துவிட்டால் அது நேராக நீந்தாமல், முதுகெலும்பு வளைந்து, விற்பனைக்கு உதவாத மீனாகும். இரைக்கு ஊட்டிய எண்ணெயே மீனின் முதுகை வளைத்துவிடுவதை என்னிடம் வரும் பிள்ளைகளிடம் சொல்லும்போது, யாருடைய கண் விரிகிறது என்று கவனிப்பேன்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதையும் பாருங்கள். காலையில் வளர்ப்புத் தொட்டியிலிருந்து ஒரு மில்லிலிட்டர் நீரை எடுத்து, ஒரு துளி அயோடின் கரைசல் விட்டு, அசைவு நின்றபின் நுண்ணோக்கியின் அடியில் ரோட்டிஃபர்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எத்தனை உயிரிகள் முட்டையைச் சுமக்கின்றன என்பதையும் தனியே எண்ண வேண்டும். மொத்த எண்ணிக்கை நன்றாக இருந்து, முட்டை சுமப்பவை குறைந்திருந்தால், அந்தத் தொட்டி விரைவில் சரியப்போகிறது என்று பொருள். எண்ணிக்கையைத் தோராயமாக எழுதும் பழக்கமுள்ளவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். பிறகு குஞ்சுத் தொட்டியில் எவ்வளவு இரை மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, அன்றைய அளவை முடிவு செய்ய வேண்டும். உயிர் இரையிலிருந்து நுண் தீவனத்துக்கு மாற்றும் நாட்களில் இழப்பு கூடும். கொடுவாவில் பெரியது சிறியதை விழுங்கிவிடும் என்பதால் அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே உயிர் இரையை முழுவதுமாக ஈடுசெய்யும் தீவனத்தைப் பெரும்பாலான கடல்மீன்களுக்கு இன்னும் உருவாக்க முடியவில்லை. இயற்கையிலேயே டி.எச்.ஏ. நிறைந்த, கோப்பிபாட் என்னும் நுண்ணிய கடல் உயிரிகளை மலிவாகப் பெருவாரியாக வளர்ப்பதும் கடினமாகவே இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போக விரும்புபவருக்கு இங்கே இடம் நிறையவே உண்டு.

மீன்வள அறிவியல் நேரான வழி. விலங்கியல், கடல் உயிரியல், உயிர்வேதியியல் ஆகியவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு, முதுநிலையில் நீருயிரி வளர்ப்புக்கோ மீன் ஊட்டச்சத்துக்கோ வருவதும் நடக்கக்கூடியதே. பொரிப்பகம், தீவன நிறுவனம், நுண்பாசி உற்பத்தி, அலங்கார மீன் இனப்பெருக்கம், ஆய்வுக்கூடம் எனப் பணியிடங்கள் பலவகைப்படும். பளபளப்பான வேலை என்று சொல்லமாட்டேன். பொரிப்பகங்கள் ஊரிலிருந்து ஒதுங்கிய கடற்கரைகளில் இருக்கும். தொடக்கச் சம்பளம் மருத்துவருடையதை நெருங்காது. குஞ்சுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரே இரவில் ஒரு தொட்டி முழுவதும் செத்துப்போகும், மறுநாள் காலை அதைக் கழுவி மீண்டும் தொடங்க வேண்டும். இவற்றையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்டபின் அவள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பெரியப்பாவின் மருத்துவத்துக்குப் பதிலாக ஆலோசகரின் மீன்வளத்தை அவள் தலையில் கட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. மீன்தொட்டியின் அழகில் மயங்குவது வேறு, குஞ்சு செத்த காரணத்தைத் தேடுவது வேறு. அவளுடைய நோட்டுப் புத்தகம் இரண்டாவதைக் காட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அனுமதி பெற்று, சில வாரங்கள் ஒரு பொரிப்பகத்தின் உயிர் இரைப் பிரிவில் அவள் வேலை பார்க்கட்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ரோட்டிஃபர் வளர்ப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறதா, நுண்ணோக்கி மாணவர் கையில் இருக்கிறதா அலமாரியில் இருக்கிறதா, ஒரு தொகுதிக் குஞ்சுகளை முட்டையிலிருந்து தூள் தீவனம் வரை மாணவர்களே வளர்த்துப் பார்க்கிறார்களா என்று மூன்றையும் நேரில் கேளுங்கள். கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம், மகள் கேட்கட்டும். செயல்முறை வகுப்பு கடைசி ஆண்டில் வரும் என்று பதில் வந்தால், விண்ணப்பத்தை வாங்காமல் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.