ஐவி லீயை மேடையில் முன்னோடி என்று புகழலாமா?

கேள்வி: மக்கள் தொடர்புத் துறை மாணவர் கூட்டத்தில் ஐவி லீ பற்றிப் பத்து நிமிடம் நினைவுரை ஆற்ற வேண்டும். முன்னோடி என்று புகழலாமா? கடைசிக் காலத்தில் ஜெர்மனிக்கு வேலை பார்த்தவர் என்கிறார்களே?

தாராளமாகப் புகழலாம். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 1906 ரயில் விபத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

பாடக் குறிப்பில் 'மக்கள் தொடர்பின் தந்தை' என்று படித்திருப்பீர்கள். வேறு எங்கோ யாரோ திட்டியிருப்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். நான் 19 வருடமாக இதே வேலையில் இருப்பவன். லீயின் பெயரைக் கேட்டாலே எனக்கு என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

லீ 1877-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். அப்பா மெதடிஸ்ட் போதகர். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு நியூயார்க்கில் நிருபராக இருந்தார். அரசியல் வழியாகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். 1903-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் சேத் லோவுக்காகப் பிரசார வேலை பார்த்தார். அடுத்த வருடம் ஜனாதிபதி தேர்தலுக்காக ஜனநாயகக் கட்சியின் விளம்பரப் பிரிவில் சேர்ந்தார். இரண்டு தேர்தலிலும் அவர் பக்கம் தோற்றது. அங்கே பழக்கமான ஜார்ஜ் பார்க்கருடன் கூட்டுச் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்.

1906 அக்டோபர் 28. அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு மின்சார ரயில் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் நிறுவனங்கள் விபத்து நடந்தால் நிருபர்களைக் கிட்டவே விடாது. லீ நிறுவனத்தைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். நடந்ததை அவர்களே அறிக்கையாகக் கொடுத்தார்கள், நிருபர்களைத் தனி ரயிலில் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். இன்று நாம் அனுப்பும் செய்திக் குறிப்பின் தொடக்கம் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதே வருடம் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை விளக்கமும் அனுப்பினார். எங்கள் வேலையெல்லாம் வெளிப்படையானது, நாங்கள் தருவது துல்லியமாக இருக்கும், மேலும் விவரம் கேட்டால் உடனே தருவோம் என்பது அதன் சாரம். எனக்கு அது மனப்பாடம்.

இப்போது 1914-க்கு வருகிறேன். கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்த சுரங்க நிறுவனத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு கூடாரங்களில் இருந்தார்கள். ஏப்ரல் 20 அன்று படையினர் சுட்டார்கள், கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்துக்கு அடியில் இருந்த குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அதற்குப் பிறகு ராக்ஃபெல்லருக்காக லீ வரிசையாகத் துண்டறிக்கைகள் போட்டார். அதில் தொழிற்சங்கத் தலைவர்களின் ஒரு வருடச் சம்பளத்தை ஒன்பது வாரச் சம்பளம் என்று அச்சடித்திருந்தார். விசாரணைக் குழு கேட்டபோது, நிறுவனம் கொடுத்ததை அப்படியே போட்டேன், சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'விஷ ஐவி' (பாய்சன் ஐவி, தொட்டால் அரிக்கும் ஒரு செடியின் பெயர்) என்று பட்டம் வைத்தது இதனால்தான்.

சரிபார்க்கவில்லை. இந்த ஒரு சொல்லில்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். ராத்திரி பதினொன்றரைக்கு ஆலையில் ஒரு தொட்டி வெடித்ததாக அழைப்பு வந்தது. ஆலை மேலாளர் போனில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மூன்றாவது வரி: 'யாருக்கும் காயம் ஏற்படவில்லை.' பன்னிரண்டே காலுக்கு எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டேன். ஒரு மணிக்கு ஒரு பெண் நிருபர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "தம்பி, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். உங்க ஆள் ரெண்டு பேர் இங்க படுத்திருக்காங்க. ஒருத்தருக்கு ரெண்டு கையிலயும் கட்டு. மூணாவது வரி யார் சொன்னது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி என் அறையிலிருந்து பதினைந்து நிமிடத் தூரம். எனக்குப் போகத் தோன்றவே இல்லை.

காலையில் திருத்தக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம், தானாக அடங்கிவிடும் என்றார்கள். அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. சோறு போட்ட இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று இதைப் படிக்கும் என் துறைக்காரர்கள் சொல்லலாம். சொல்லட்டும். அந்த நிறுவனத்தின் ரகசியம் எதையும் நான் வெளியே விடவில்லை, நான் எழுதிய தப்பைத்தான் திருத்தினேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று அந்தக் குறிப்பு ஒன்பது பத்திரிகைக்குப் போனது. விசாரித்தது அந்த ஒரு அம்மா மட்டும்தான். நாலு பேர் என் வாக்கியத்தை ஒரு புள்ளிகூட மாற்றாமல் போட்டிருந்தார்கள். இன்றும் நிலைமை அதேதான். பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) என்றால் பொய் சொல்பவன் என்று வாய்க்கு வாய் சொல்லும் அதே ஆட்கள், நாங்கள் அனுப்புவதை வெட்டி ஒட்டித் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு போன் பண்ணுங்கள் ஐயா. கேட்டால் சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்?

சரி, ஜெர்மனி. லீ நிறையச் சுற்றியவர், சுற்றினால் புரிந்துகொள்ளலாம் என்று உண்மையாகவே நம்பியவர். 1927-இல் சோவியத் ரஷ்யா போய்வந்து, அந்த நாட்டோடு அமெரிக்கா உறவு வைக்க வேண்டும் என்று பேசினார். அந்தக் காலத்தில் அப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும். ஆனால் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்திடம் ஆண்டுக்கு 25,000 டாலர் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொன்னார், ஹிட்லரையும் சந்தித்தார். 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. நிறுவனத்துக்குத்தான் ஆலோசனை சொன்னேன், யூதர்களை நடத்தும் விதத்தை அமெரிக்கர்கள் ஒருபோதும் ஏற்க மாட்டார்கள் என்றும் சொன்னேன் என்பது அவர் தரப்பு. அதை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பணத்தை அவர் தொட்டிருக்கக் கூடாது. அந்த வருடம் நவம்பர் 9 அன்று மூளைக் கட்டியால் இறந்தார். வயது 57.

பத்து நிமிடத்தில் ரயிலுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். ஜெர்மனிக்கு இரண்டு போதும், அதைப் பற்றி எப்படியும் கேள்வி வரும், அப்போது விரித்துச் சொல்லலாம். மிச்சம் ஐந்தையும் லட்லோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது வாரச் சம்பளக் கணக்கை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.