ஃபோர்ட் மெக்முர்ரேயில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறோம். என் கணவருக்கு ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 2 பிள்ளைகளோடு ஃபோர்ட் மெக்முர்ரேக்குக் குடிபோகிறோம். கழிவுக்குட்டை கசிந்த செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? ஆற்று மீன் சாப்பிடலாமா? இதையெல்லாம் யாராவது கண்காணிக்கிறார்களா?

பதில்: குடிக்கலாம். ஏன் என்று புரிய ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அத்தபாஸ்கா ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. சுரங்கங்கள் எல்லாம் நகருக்கு வடக்கே. நகரம் குடிநீர் எடுப்பது அவற்றுக்கு மேல்பக்கத்தில், ஆறு அவற்றை எட்டும் முன்பே. சுரங்கத்தில் கசிவது உங்கள் குழாய்க்கு வர ஆறு திரும்பி ஓட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி நகருக்கு அறிவிப்பு வந்த பெரிய சம்பவங்கள் 2016 காட்டுத்தீயும் 2020 ஏப்ரலில் பனிக்கட்டி அடைத்து வந்த வெள்ளமும்தான். அங்கே போனதும் நகராட்சியின் அவசர அறிவிப்புகள் உங்கள் போனுக்கு வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கணவரிடமும் சொல்லி வையுங்கள்: வேலைத்தளத்தில் குடிநீர் என்று எழுதியிருக்கும் குழாயைத் தவிர வேறெதிலும் வாய் வைக்க வேண்டாம்.

மீன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. வால்ஐ, பைக் போன்ற, மற்ற மீன்களைத் தின்னும் மீன்களின் உடலில் பாதரசம் சேரும். பெரிய மீனென்றால் அதிகம் சேரும். (பெயரைக் கேட்டு நம்மூர் வாளை என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு.) சுரங்கமே இல்லாத ஏரிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் பாதரசம் போகாது. எந்த நீர்நிலையில் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஆல்பர்ட்டா அரசு பட்டியல் வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் அதில் அளவு குறைவு. தூண்டில் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

இனி கண்காணிப்பு. ஆற்றிலிருந்து சுரங்க நிறுவனங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதற்கு ஒழுங்கான விதி இருக்கிறது. 2015 முதல் வாரம்தோறும் ஆற்றின் ஓட்டத்தைப் பார்த்து வரம்பு வைக்கிறார்கள். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் ஆறு மெலிந்து ஓடும்போது வரம்பும் இறங்கும். ஓட்டம் நொடிக்கு 87 கன மீட்டருக்குக் கீழே போனால், எல்லா நிறுவனங்களும் சேர்ந்தே நொடிக்கு 4.4 கன மீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது.

எடுத்த தண்ணீர் என்ன ஆகிறது என்பதுதான் இன்னும் தீராத பிரச்சினை. மணலை வெந்நீரில் அலசித் தாரைப் பிரித்த பின் மிஞ்சும் நீரில் நாஃப்தெனிக் அமிலங்கள் இருக்கும். அவை மீனுக்கு நஞ்சு. அதோடு மாவு போன்ற களிமண்ணும் கலந்திருக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால் மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும், களிமண் உட்காராது. சில வருஷம் கழித்துப் பார்த்தாலும் தயிர் மாதிரி தளதளவென்று நிற்கும். மீன் வாழும் நீரில் நஞ்சு விடுவதை கனடாவின் மீன்வளச் சட்டம் தடுப்பதால் இந்தக் கழிவுநீர் குட்டைகளிலேயே தேங்குகிறது. இப்போது 1 லட்சம் கோடி லிட்டருக்கும் மேல். சுரங்கம் மூடி 10 ஆண்டுக்குள் அதை நிலமாக மீட்கத் தயாராக்க வேண்டும் என்பது மாகாண விதி. சுத்திகரித்து ஆற்றில் விடலாமா என்ற பேச்சும் நடக்கிறது.

நீங்கள் படித்தது இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கேர்ல் சுரங்கச் செய்தியாகத்தான் இருக்கும். அங்கே 2022 மே மாதத்தில் கசிவு தெரிந்தது. 2023 தொடக்கத்தில் 53 லட்சம் லிட்டர் தனியாக வழிந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் வாழும் முதற்குடிகளுக்கு (கனடாவின் பூர்வகுடி மக்களுக்கு) முழு விவரம் போனதும் அப்போதுதான், ஏறக்குறைய 9 மாதம் கழித்து. எனக்கு ஆறாத கோபம் அதில்தான். ஆற்றின் கடைமடையில் இருக்கும் ஃபோர்ட் சிப்பேவியன் என்ற அவர்கள் ஊருக்குக் கோடையில் சாலைகூடக் கிடையாது. பக்கத்து அத்தபாஸ்கா ஏரி மீனும் காட்டு மானும்தான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. சொல்லியிருந்தால் வலை போடும் இடத்தையாவது மாற்றியிருப்பார்கள். ஆகவே உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். அது உங்கள் சமையலறையைவிட அவர்கள் சமையலறைக்குப் பொருந்தும்.

அப்புறம், கோடையில் பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போனால் காலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவார்கள். கழிவு என்று பதறாதீர்கள். வெயிலில் கரையிலிருந்து தானாகவே கசியும் தார் அது. முதற்குடி மக்கள் படகு ஓட்டையை அடைத்ததும் அதை வைத்துத்தான். சோப்புக்குப் போகாது. சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள்.